வார இறுதியில் பேய்ப்பட விழா: முதல் முறை நடத்துபவர்களுக்கு

பேய்ப்படப் பைத்தியங்கள் நாலு பேர் ஒரு டீக்கடையில் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் "நாமே ஒரு விழா நடத்தினா என்ன?" என்ற பேச்சு வந்துவிடும். இரண்டாவது டீ வருவதற்குள் ஒருவர் பேப்பரை எடுத்து 15 படம் எழுதியிருப்பார். அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நண்பர்களோடு சேர்ந்து நான் மூன்று முறை இப்படி விழா நடத்தியிருக்கிறேன், மூன்று முறையும் ஏதாவது ஒன்று சொதப்பியது, ஆனால் ஒரு முறைகூட யாரும் வந்து "படம் சரியில்லை" என்று சொன்னதில்லை. வெளிச்சம் உள்ளே வருது, வசனம் கேட்கல, முன்னாடி உட்கார்ந்தவர் தலை மறைக்குது, இதைத்தான் சொன்னார்கள். படம் பார்ப்பதற்கு எல்லோருக்கும் கையில் போன் இருக்கிறது. இவ்வளவு தூரம் கிளம்பி வருவது, முன்பின் தெரியாத அறுபது பேரோடு ஒரே இருட்டில் உட்கார்ந்து ஒரே நொடியில் மூச்சை இழுப்பதற்காக. அதனால் காசையும் உழைப்பையும் இருட்டுக்கும் சத்தத்துக்கும் முதலில் ஒதுக்குங்கள், மிச்சம் இருப்பதில் படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் முறைக்கு 50, 60 பேர், சனி ஞாயிறு இரண்டு நாள், ஆறு முழுநீளப் படம், ஒரு குறும்படத் தொகுப்பு. இதற்கு மேல் போகாதீர்கள்.

இடம்தான் முதலில்

சென்னையில் இருந்தால் கொடுத்துவைத்தவர்கள். பிரிவியூ தியேட்டர்கள் இருக்கின்றன, நுங்கம்பாக்கத்தில் அலையன்ஸ் பிரான்சேஸ், ஆழ்வார்பேட்டையில் ரஷ்யக் கலாசார மையம் மாதிரி படம் போட்டுப் பழகிய அரங்குகள் இருக்கின்றன. ஜெர்மானியப் படம் ஏதாவது யோசனையில் இருந்தால் கதே இன்ஸ்டிடியூட்டை ஒரு முறை கேட்டுப் பாருங்கள், லாப நோக்கமில்லாத திரையிடலுக்கு அவர்களிடம் படங்கள் கிடைக்கும். மற்ற ஊர்களில் கல்லூரி செமினார் ஹால், லயன்ஸ் ரோட்டரி கட்டடங்கள், இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்தின் மினி ஹால்.

மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காற்று வாங்கிக்கொண்டிருக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். இது தெரிந்துதான் எங்கள் முதல் விழாவை ஆடி மாதத்தில் வைத்தோம். வாடகை குறைந்தது வாஸ்தவம். ஆனால் ஆடி என்றால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழ் ஊற்றல் இருக்கும், கூம்பு ஸ்பீக்கர் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. திரையில் கதாநாயகி மூச்சுச் சத்தம்கூட வராமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள், பக்கத்துத் தெருவிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரி குரல் கணீரென்று வருகிறது. சிரித்துச் சிரித்து எங்களுக்கே வயிறு வலித்தது. ஆடியில் வைப்பதென்றால் அந்த வட்டாரக் கோயில்களில் எந்த ஞாயிறு கூழ் என்று விசாரித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

இன்னொன்று, மண்டப உரிமையாளரிடம் போய் "பேய்ப்படம் போடப் போறோம்" என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். நாங்கள் சொன்னோம். "நாலு நல்ல காரியம் நடக்கிற இடம் தம்பி, இங்க போய்..." என்று இழுத்துவிட்டு, கூட வந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், அந்த மண்டபம் போச்சு. அதற்காகப் பொய் சொல்லவும் கூடாது, போஸ்டர் வெளியே வந்ததும் தெரிந்துவிடும். திரைப்பட விழா, பழைய திகில் படங்கள், எல்லாம் முறையாக அனுமதி வாங்கிய படங்கள் என்று பக்குவமாக ஆரம்பியுங்கள்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது மத்தியானம் 2 மணிக்குப் போங்கள். உள்ளே நின்று எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கை ரேகை தெரிந்தால் அந்த ஹாலில் பகல் காட்சி கிடையாது, அல்லது ஜன்னல், வென்டிலேட்டர், கதவுக்கு மேலே இருக்கும் கண்ணாடி உட்பட எல்லாவற்றையும் கறுப்புத் துணி போட்டு மூட வேண்டும். பந்தல்காரரிடம் கறுப்புத் துணி வாடகைக்கு உண்டு, ஒற்றையாகக் கட்டினால் வெயில் ஊடுருவும், இரண்டு மடிப்பாகக் கட்டச் சொல்லுங்கள். வெளியேறும் வழியில் இருக்கும் சின்ன விளக்கை மட்டும் மூடாதீர்கள், எவ்வளவு உறுத்தினாலும் அது எரிய வேண்டும்.

மொட்டை மாடி ஆசை எல்லோருக்கும் வரும். நிலா, காற்று, பேய், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி மாசு விதிகள் (2000-ல் வந்தவை) இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க விடாது. நம் ஊரில் சரியாக இருட்டவே 7 மணி ஆகிறது. ஆக ஒரே ஒரு படம், அதுவும் 10 மணிக்குள் முடிய வேண்டும். நடுநிசிக் காட்சி வேண்டுமென்றால் மூடிய அரங்குதான்.

யாரிடம் அனுமதி?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஓடிடி சந்தா உங்கள் வீட்டுக்கானது. டிவிடி வைத்திருந்தாலும் அப்படித்தான். வெளியாட்களைச் சொல்லி அழைத்து, போஸ்டர் அடித்து, ஹாலில் போட்டால் அது பொதுத் திரையிடல், டிக்கெட் இல்லை என்பதால் மட்டும் அது மாறாது. அதற்கு உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும்.

தமிழ்ப் படம் என்றால் டைட்டிலில் வரும் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து தொடங்குங்கள். சில சமயம் அவர்களே உரிமையை வேறொருவருக்கு விற்றிருப்பார்கள், அந்தக் கையை விசாரித்துப் போக வேண்டியிருக்கும். கடிதத்தில் எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை இருக்கை, கட்டணம் உண்டா, எத்தனை காட்சி, படம் எந்த வடிவத்தில் வேண்டும் என்ற ஆறும் இருக்கட்டும். "உங்கள் படத்தின் தீவிர ரசிகர்கள்" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட இந்த ஆறு வரிக்குத்தான் பதில் வரும். மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். பதில் வராத படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், "ஆட்சேபம் சொல்லலையே" என்பது சம்மதம் ஆகாது.

உரிமைக் காலம் முடிந்த படங்கள் கை கொடுக்கும். இந்தியாவில் திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. 1922-ல் வந்த, ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் மௌனப் படம் நோஸ்ஃபெராட்டு மாதிரிப் படங்கள் எப்போதோ அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. இதில் ஒரு வேடிக்கை, அந்தப் படம் டிராகுலா நாவலை அனுமதி வாங்காமல் எடுத்தது, நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவே போட்டது. தப்பிப் பிழைத்த பிரதிகளால்தான் நாம் இன்று பார்க்கிறோம். 1968-ல் வந்த நைட் ஆஃப் த லிவிங் டெட் கதை வேறு மாதிரி. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது புதிய டைட்டில் அட்டையில் காப்புரிமை அறிவிப்பைப் போட மறந்துவிட்டார்கள், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அங்கே அது பொதுச் சொத்தாகிவிட்டது.

ஆனால் அவசரப்படாதீர்கள். 1964-ல் வந்த மலையாளப் படம் பார்கவி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பேய் வீட்டில் குடியேறும் எழுத்தாளனின் கதை, ரசிகர்கள் கட்டாயம் கேட்பார்கள். படத்துக்கு 60 ஆண்டு முடிந்துவிட்டது. அதை எழுதிய வைக்கம் முகம்மது பஷீர் மறைந்தது 1994-ல், எழுத்துக்கான உரிமை ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டு ஓடும். பழைய படம்தானே என்று கையை வீசிக்கொண்டு போக முடியாது, ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதே போல மௌனப் படம் இலவசம் என்றாலும் இப்போது கிடைக்கும் பிரதிகளில் சேர்த்திருக்கும் பின்னணி இசை புதியது, அதற்குத் தனி உரிமை உண்டு.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, இசையை நிறுத்திவிட்டு ஒரு உறுமிக்காரரையும் ஒரு கீபோர்டு பையனையும் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. மௌனப் பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் ஒருவர் நின்று எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வாராம், அதையும் சேர்த்துக்கொண்டோம். நோஸ்ஃபெராட்டுவின் நிழல் படியேறி வரும் இடத்தில் உறுமி மட்டும் மெல்ல முனகியது பாருங்கள், முன் வரிசையில் இருந்த ஒரு தடியன் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டான், அவருக்கு இவனை யாரென்றே தெரியாது. இரண்டு முறையாவது முழுப் படத்தோடு ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தணிக்கை. சினிமாடோகிராஃப் சட்டப்படி பொதுவில் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஏ படம் ஒன்று இருந்தாலும் அந்தக் காட்சிக்கு 18 வயது ஆகாதவர்களை விடக் கூடாது, அப்பாவே கூட்டி வந்தாலும். சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படங்கள், குறும்படங்கள் என்றால் அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவின் கீழ் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும். உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஃபிலிம் சொசைட்டியோடு கை கோத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 1959-ல் சத்யஜித் ரே முதல் தலைவராக இருந்து தொடங்கிய கூட்டமைப்பின் கீழ் நாடு முழுக்க இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன, உறுப்பினர்களுக்கான திரையிடலில் அவர்களுக்கு அனுபவம் அதிகம், காகித வேலை அவர்களுக்கு அத்துப்படி. காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படம் எந்த நேரம்

ரசிகர்கள் செய்யும் தப்பு, தங்களுக்குப் பிடித்த மெதுவான, கனமான படத்தைச் சாப்பாடு முடிந்து 2 மணிக்கு வைப்பது. சாம்பார் சாதம் சாப்பிட்டவனை எந்தப் பேயாலும் எழுப்ப முடியாது. மத்தியானத்துக்கு ஓட்டமும் அலறலும் உள்ள படம், இல்லை குறும்படத் தொகுப்பு. மெதுவாகப் பிசையும் படத்தைக் காலை 10 மணிக்கு வையுங்கள், எல்லோரும் தெளிவாக இருக்கும் நேரம் அதுதான். சிரிப்பும் பேயும் கலந்த படங்கள் நம்மிடம் ஏராளம், அவற்றில் ஒன்றை ஞாயிறு மாலைக்கு வைத்தால் கூட்டம் சந்தோஷமாகக் கலையும். சனி இரவு 9 மணிக் காட்சிதான் விழாவின் உயிர். இருப்பதிலேயே பயங்கரமானதை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு படத்துக்கு நடுவில் அரை மணி நேரம் விடுங்கள். பதினைந்து நிமிடம் போதும் என்று தோன்றும். அறுபது பேருக்கு இரண்டு கழிப்பறை என்றால் போதாது.

படத்துக்கு நடுவில் இடைவேளை விடலாமா என்பதில் எங்கள் குழுவில் அடிதடியே நடந்தது. நான் விடக் கூடாது கட்சி. ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டு ஏற்றிய பயத்தை ஒரு சமோசா இறக்கிவிடும். இடைவேளை வைத்தே எழுதிய நம் ஊர்ப் படங்களுக்கு விட்டுக்கொள்ளுங்கள், மற்றவற்றுக்கு வேண்டாம், ஆனால் படம் தொடங்கும் முன் "இன்னும் 96 நிமிடத்துக்கு இடைவேளை கிடையாது" என்று சொல்லிவிடுங்கள், எழுந்து போக வேண்டியவர்கள் போய்விட்டு வரட்டும்.

குறும்படங்களுக்குக் கூப்பிட்டால் குவிந்துவிடும். ஒவ்வொன்றும் 5 முதல் 15 நிமிடம், மொத்தம் 75 நிமிடம், இதுதான் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வந்து வரிசையாக அடுக்குங்கள், ஒன்று கிசுகிசுத்து அடுத்தது காதைப் பிளந்தால் கோபம் உங்கள் மேல் வரும். இயக்குநர்கள் வந்தால் பேச விடுங்கள், 20 நிமிடம் போதும். மைக்கை மட்டும் கூட்டத்துக்குள் விடாதீர்கள், ஒரு கேள்வி என்று ஆரம்பித்து உலக சினிமா வரலாறு பேசுபவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். உங்கள் ஆள் ஒருவர் மைக்கைக் கையிலேயே பிடித்து நீட்டட்டும்.

திரை, சத்தம், ஒயர்

பிரிவியூ தியேட்டர் என்றால் படத்தை டிசிபி வடிவத்தில் கேட்பார்கள், தியேட்டர் சர்வரில் ஓடும் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு அது. அது பூட்டிய டிசிபி என்றால் கேடிஎம் என்று ஒரு சாவிக் கோப்பு வரும், குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் திறக்கும். 8 முதல் 11 வரை என்று வாங்கிவிட்டு, பேச்சாளர் இழுத்ததில் 11.10-க்குப் படத்தைத் தொடங்கப் போனால் திறக்காது. முன்னும் பின்னும் தாராளமாக நேரம் கேட்டு வாங்குங்கள்.

வாடகை புரொஜெக்டர் என்றால் நன்றாக இருட்டிய ஹாலில் 10 அடி அகலத் திரைக்கு 3,000, 4,000 லூமன்ஸ் வெளிச்சம் போதும். கடைக்காரர் அதிக வெளிச்சம் உள்ளதைத் தள்ளிவிடப் பார்ப்பார். பேய்ப்படத்துக்குக் கறுப்பு கறுப்பாகத் தெரிவதுதான் முக்கியம், சாம்பலாக வெளுத்த இருட்டில் எந்தப் பேயும் எடுபடாது. டைனமிக் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான வாடகை புரொஜெக்டர்களுக்குத் திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும், 10 அடித் திரைக்கு 15 அடி, அந்த இடத்தில் தூணோ ஃபேனோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தலை விஷயம். மண்டபத்துத் தரை சமதளம், உட்கார்ந்தவர் தலை ஏறத்தாழ நாலு அடிக்கு மேல் வரும், சப்டைட்டில் இருப்பதோ திரையின் அடியில். எங்கள் முதல் விழாவில் திரையின் கீழ் விளிம்பு இரண்டரை அடியில் இருந்தது. ஜப்பானியப் படம். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே திசையில் கழுத்தைச் சாய்த்துப் படித்தார்கள், பின்னாலிருந்து பார்க்க வயலில் காற்றடித்த மாதிரி இருந்தது. கீழ் விளிம்பு நாலு அடிக்குக் குறையவே கூடாது, நாற்காலிகளை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போடுங்கள். விஎல்சி பிளேயரில் சப்டைட்டிலை மேலே தூக்கி வைக்கவும் வசதி உண்டு. உதட்டசைவுக்கும் எழுத்துக்கும் பொருந்தாவிட்டால் ஜி, எச் பட்டன்களைத் தட்டிச் சரிசெய்யலாம், ஆனால் அதை முந்தின நாளே செய்துவிடுங்கள்.

லேப்டாப்பை புரொஜெக்டர் பக்கத்திலேயே வையுங்கள். நீளமான மலிவு எச்டிஎம்ஐ கேபிள் நட்டநடுவில் கண் சிமிட்டும், ஆடியோ ஒயரை நீளமாக இழுப்பதில் அவ்வளவு தொல்லை இல்லை. எச்டிஎம்ஐ செருகியதும் சத்தம் புரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்குப் போய்விடும், செட்டிங்கில் மாற்ற வேண்டும். ஸ்லீப் மோடு, அப்டேட், வாட்ஸாப் அறிவிப்பு எல்லாம் அணைத்து, நெட்டையும் துண்டித்துவிடுங்கள். படங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும், இன்னொரு பிரதி பென் டிரைவில்.

சத்தத்துக்கு, பாட்டுக் கச்சேரிக்கு வரும் ஆடியோக்காரர் அதே பழக்கத்தில் பேஸைக் கூட்டி வைத்துவிட்டுப் போவார், வசனம் பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து கேட்கும். ஒவ்வொரு படத்திலும் இரண்டு இடம் குறித்துக்கொள்ளுங்கள், மிகச் சன்னமான கிசுகிசுப்பு ஒன்று, மிகப் பெரிய அலறல் ஒன்று. முதலாவது கடைசி வரிசையில் புரிய வேண்டும், இரண்டாவது முன் வரிசையில் காது வலிக்கக் கூடாது. காலி ஹாலில் சரியாக இருந்தது, ஆள் நிரம்பியதும் அமுங்கும், ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட நிசப்தத்தைக் காப்பாற்றுங்கள். பேய்ப்படத்தில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது, கடகடக்கும் பழைய சீலிங் ஃபேனும் ஜன்னலோர ஜெனரேட்டரும் அதைத் தின்றுவிடும். ஏசி உள்ள ஹாலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. லேப்டாப், புரொஜெக்டர் இரண்டுக்கும் யுபிஎஸ் கட்டாயம், ஜெனரேட்டர் எழும்பும் அந்த அரை நிமிடத்துக்கு.

பணத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. 60 பேர், தலைக்கு 300 என்றால் 18,000 ரூபாய், இதற்குள் ஹால், புரொஜெக்டர், ஆடியோ, துணி அடங்குகிறதா என்று முதலில் எழுதிப் பாருங்கள். அடங்காவிட்டால் ஒரு நாளாகக் குறையுங்கள், கடன் வாங்காதீர்கள். பணம் வாங்குவதென்றால் வரி உண்டா என்று தெரிந்த ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். இடைவேளையில் சினிமாப் பாட்டு போட ஆசைப்பட்டால் அதற்கும் ஐபிஆர்எஸ், பிபிஎல் என்று உரிமம் கேட்கும் அமைப்புகள் இருக்கின்றன. நாங்கள் பாட்டே போடுவதில்லை, மழைச் சத்தமும் தவளைச் சத்தமும் நாங்களே பதிவு செய்து ஓடவிட்டோம், அது இன்னும் பொருத்தமாக இருந்தது.

வருகிறவர்கள்

டிக்கெட்டிலும் வாசலிலும், ஒவ்வொரு படத்துக்கும் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: ரத்தம், தற்கொலை, குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை, பளிச்பளிச்சென்று அடிக்கும் வெளிச்சம். கடைசியாகச் சொன்னது வலிப்பு உள்ளவர்களுக்கு நிஜமாகவே ஆபத்து. "பேய்ப்படத்துக்கு வந்துட்டு எச்சரிக்கையா?" என்று ஒருவர் நக்கலடிப்பார், அடிக்கட்டும்.

இரவுக் காட்சி முடிந்து போகிறவர்களை யோசியுங்கள். சென்னையில் 11 மணிக்கு மேல் மெட்ரோவை நம்ப முடியாது. பதிவு செய்யும்போதே எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டு வைத்தால் ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து அனுப்பலாம், தனியாக வரும் பெண்களுக்கு ஆட்டோ ஏறும் வரை உங்கள் குழுவில் ஒரு பெண் கூட நிற்கட்டும். அது இல்லாவிட்டால் அடுத்த முறை அவர்கள் வர மாட்டார்கள்.

முகமூடி போட்டு இருட்டில் பின்னாலிருந்து தோளைத் தொடும் விளையாட்டை அறவே தடை செய்யுங்கள். எங்கள் குழுவிலேயே ஒருவன் செய்தான், வந்தவர் திடுக்கிட்டு விட்ட முழங்கையில் அவனுக்கு மூக்கில் ரத்தம்.

வாட்ச்மேனுக்கும் சொல்லிவையுங்கள். இரண்டாவது விழாவில் சனி இரவுக் காட்சி, கடைசிப் பத்து நிமிடம், மொத்த ஹாலும் ஒருசேர அலறிய நொடியில் அத்தனை டியூப் லைட்டும் எரிந்தது. கதவருகே கையில் கம்போடு பெரியவர் நிற்கிறார். "என்னாச்சுப்பா, பொம்பளப் புள்ளைங்க கத்துச்சே!" அவர் மேல் என்ன தப்பு? ஒரு டீயும் நாற்காலியும் கொடுத்து உள்ளேயே உட்கார வைத்தோம். அடுத்த நாள் காலைக் காட்சிக்கு நாங்கள் கூப்பிடாமலே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

ஞாயிறு இரவு எல்லோரும் போன பிறகு தூங்கப் போய்விடாதீர்கள். ஒயரை எண்ணிச் சுருட்டுங்கள், கறுப்புத் துணியில் ஆணிக் கிழிசல் இருந்தால் பந்தல்காரர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள், நாற்காலிக்கு அடியில் கிடக்கும் பர்ஸ், சார்ஜர், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். படம் கொடுத்தவர்களுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு, அவர்கள் கொடுத்த கோப்பை லேப்டாப்பிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் அழித்துவிட்டதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நிஜமாகவே அழித்துவிட்டு.